துலிப் மலரைச் சாம்பலாக்குபவர்

வெளிநாடு செல்வோரைக் கடைத்தெருப் பயணி, அருங்காட்சியகப் பயணி, போன ஊரிலெல்லாம் சோறு தேடி அலையும் பயணி என்று வகைப்படுத்துவது வழக்கமாயினும், இவற்றுள் எதிலும் அடங்காமல், தாம் பயணியே அல்லர் என்று உறுதியாக நம்பிக்கொண்டு பயணம் செய்யும் ஒரு வகையினரும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படக்காரர் என்று அவரை அழைக்கலாம். பிறர் எடுப்பவை சுற்றுலாப் படங்கள், தாம் எடுப்பவை ‘பதிவுகள்’ என்பது இவருடைய அடிப்படைக் கொள்கை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பெரும்பாலும், நிறம் ஒன்றுதான்.

நிறத்தின் மீது இவருக்குள்ள பகை, நிறம் கொட்டிக் கிடக்கும் இடத்தில்தான் முழுமையாக வெளிப்படும். நெதர்லாந்தின் கோய்கன்ஹோஃப் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 70 லட்சம் மலர்க்கிழங்குகளைக் கையால் நட்டு, வசந்தத்தில் சில வாரங்கள் மட்டும் மக்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள் என்றால், இவர் அங்கே சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, செக்கச்சிவந்த துலிப் ஒன்றின் முன் மண்டியிட்டு, அதைச் சாம்பலாக்கிக்கொண்டு வருவார். கறுப்பு வெள்ளைப் பிலிம் பொருளின் நிறத்தைப் பதிவதில்லை, அதிலிருந்து வரும் ஒளியின் அளவை மட்டுமே பதிகிறது. ஆகவே ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத் திருப்பும் சிவப்பு இதழும் பச்சை இலையும் படத்தில் ஒரே சாம்பலாகிவிட, மலர் எது, தழை எது என்று தெரியாமல், உலகப் புகழ்பெற்ற தோட்டம் கீரைக்கட்டாக வீடு வந்து சேரும். இதற்குப் பரிகாரமாக லென்ஸின் முன் மாட்டும் சிவப்புக் கண்ணாடி ஒன்றையும் அவர் வைத்திருப்பார். அது சிவப்பொளியை விட்டு நீலத்தையும் பச்சையையும் தடுப்பதால், இதழ் வெளுத்து, இலை கறுத்து, கூடவே நண்பகல் நீலவானமும் ஊழிக்காலம் போல் இருண்டுவிடும். வெனிசை அடுத்த புரானோ தீவில், வீட்டுக்காரர் தம் சுவருக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதற்கே அதிகாரிகளிடம் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிகளையெல்லாம் இவர் ஒரே பிற்பகலில் ரத்து செய்துவிடுவார்.

இவருடைய குலதெய்வம் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் (1908–2004). தெருவில் கண்ணில் படாமல் இயங்குவதற்காக அவர் தம் லைக்கா கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்தார் என்பதை அறிந்து, இவரும் நாடா சுற்றுவார். ஆனால் கேமரா உடைந்துவிட்டதா என்று வழியில் போகிறவர்களெல்லாம் நின்று விசாரிப்பதால், முன்பைவிட நன்றாகவே கண்ணில் படுவார். குருநாதரின் 1952ஆம் ஆண்டு நூல் ஆங்கிலத்தில் ‘தீர்மானமான கணம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. பிரெஞ்சுத் தலைப்போ, உரிமமில்லாத தெரு வியாபாரி காவலர் வருமுன் அவசரமாக விற்றுவிட்டு ஓடுவதைக் குறிக்கும் சொல்லால் ஆனது. இவர் பின்பற்றுவது ஆங்கிலத் தலைப்பை மட்டுமே. தேங்கிய நீரை யாரேனும் தாண்டுவார்கள் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருப்பார். ஐரோப்பியர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

கூட்டத்தை ஒழிப்பதும் இவருடைய கலையில் ஒரு துறை. 1838இல் லூயி டகேர் பாரிஸ் நகரின் பெருந்தெரு ஒன்றைப் படமெடுத்தபோது, தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் தடமின்றி மறைந்துபோக, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் படத்தில் தங்கினார். அதே உத்தியைக் கையாளக் கருதி, இவர் பிராக் நகரின் சார்லஸ் பாலத்தில் முக்காலியை நிறுத்தி, ஒளியைப் பெருமளவு குறைக்கும் கரிய கண்ணாடியைப் பொருத்தி, நான்கு நிமிடம் மூடியைத் திறந்து வைப்பார். கூட்டம் உண்மையாகவே கரைந்துவிடும்; 30 சிலைகளும் தனிமையில் துலங்கும்; கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாய்திறந்து உறங்கும் சுற்றுலாப் பயணி ஒருவர் மட்டும், முப்பத்தோராவது சிலையாக, மிகத் துல்லியமாக விழுந்திருப்பார்.

உள்ளூர் விந்தைகளில் இவர் தேர்வு வேறு. புருசெல்ஸில் சிறுநீர் கழிக்கும் சிறுவனின் வெண்கலச் சிலையை எல்லோரும் எடுப்பார்கள். இரண்டடி உயரம்கூட இல்லாத அந்தப் பையனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடைகள் உண்டு என்பதும், தெருவில் நிற்பது நகலே என்பதும் இவருக்குத் தெரியும். ஆதலால் சிலையை விட்டுவிட்டு, சிலையைப் படமெடுப்பவர்களின் முதுகுகளை எடுப்பார். இவரை உண்மையில் ஈர்ப்பவை சுவரில் சாய்ந்த மிதிவண்டி, துருப்பிடித்த தாழ்ப்பாள், பெஞ்சில் அமர்ந்த முதியவர் ஆகிய மூன்றும்தான். முதியவர்கள் பிறவியிலேயே கறுப்பு வெள்ளையானவர்கள் என்பது இவர் எண்ணம். சுருக்கம் விழுந்த முகத்திலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் அதில் தத்துவம் ஏறிவிடும், கிழிந்த சட்டையிலிருந்து எடுத்துவிட்டால் கண்ணியம் ஏறிவிடும் என்று நம்புவதில் சிறிது கொடுமையும் உண்டு. இஸ்தான்புலின் மீனவர்களையும் சுமைதூக்குவோரையும் ஆரா குலர் (1928–2018) 1950களில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள விரும்பாத பத்திரிகைக்காரர், அக்காலப் பத்திரிகைக்கு அந்தப் பிலிமே போதுமானது. அவருக்கு அது அன்றாடச் சோறு. கலாட்டா பாலத்தில் ஆரஞ்சு நிற நெகிழி வாளியோடு தூண்டில் போடும் இன்றைய மனிதரை இவர் சாம்பலில் எடுப்பதோ விரதம்.

அந்த விரதமும் பெரும்பாலும் பலகாரத்தோடு கூடியது. டிஜிட்டல் கேமராவின் ‘ரா’ கோப்பு, அதாவது எந்த மாற்றமும் செய்யப்படாத மூலப்பதிவு, எல்லா நிறங்களையும் பத்திரமாக வைத்திருக்கும். ஊருக்குத் திரும்பியதும் இரவில் தனியே திறந்து பார்த்துக்கொள்ளலாம். கடுந்தவம் புரிவோருக்கென்றே லைக்கா நிறுவனம் 2012இல், நிறத்தைப் பிரித்தறியும் வடிகட்டியை உணரியின் மேலிருந்து நீக்கி, கறுப்பு வெள்ளை மட்டுமே பதியும் கேமராவை ஏறக்குறைய 8000 டாலருக்குக் கொண்டுவந்தது. நிறம் கழிந்தும் விலை கழியவில்லை.

இந்த உயர்நிலைத் தவசியைச் சோதிக்கும் இடம், பெட்டி வந்து சேராத விமான நிலையமாகும். படிவத்தில் ‘பெட்டியின் நிறம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மழையில் நனைந்த நடைமேடையில் பெட்டி, கல் பாவிய சந்தில் தனித்து நிற்கும் பெட்டி என்று ஆறு படங்களை இவர் பெருமிதத்துடன் காட்ட, கருஞ்சாம்பலா, வெளிர்சாம்பலா என்று எழுத்தர் கேட்பார். அதுவரை பேசாதிருந்த மனைவி, மெரூன் என்று சொல்லித் தம் கைப்பேசியை நீட்டுவார். அதில் மெரூன் பெட்டியும், சிவந்த துலிப் பாத்தியும், ஓரத்தில் குனிந்து கிடக்கும் கணவரின் முதுகும் தெளிவாகத் தெரியும். எழுத்தர் நிறத்தைக் குறித்துக்கொள்ள, இவர் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து, அடிவானக் கோடு சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பார்.