இரண்டு ஓட்டையில் எட்டு ஸ்பீக்கர்

எங்கள் வீட்டில் மவுஸ் நகர்வது காதில் விழும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மவுஸை இடமிருந்து வலமாக இழுத்தால் ‘ஜ்ஜீ’ என்று ஒரு மெல்லிய இழுப்பு. பக்கத்தை உருட்டினால் ‘டிர்ர்’. கனமான படம் எதையாவது திறந்தால், கொசு சங்கதி போடப் பழகுவதுபோல ஒரு முனகல். இளையராஜா புல்லாங்குழலுக்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி விடுவாரே, அதில் எல்லாம் இந்தக் கச்சேரிதான்.

கம்ப்யூட்டர், ரிச்சி தெருவில் பொறுக்கிச் சேர்த்தது. மதர்போர்டு ஒரு கடை, ராம் இன்னொரு கடை, கேபினெட் ஒரு மாடிக் கடை. பூட்டிக் கொடுத்தவன் அக்கா மகன். “பிராசஸர்லயும் கிராபிக்ஸ் கார்டுலயும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க மாமா” என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கஞ்சத்தனம் முழுவதையும் மதர்போர்டிலும் கேபினெட்டிலும் காட்ட வேண்டியதாயிற்று. ஒலி புறப்படுவதோ அந்த மதர்போர்டின் ஒரு மூலையிலிருந்து.

ஒரு காலத்தில் சவுண்ட் கார்டு என்பது தனியாக வாங்க வேண்டிய சொத்து. 1989-இல் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அது இல்லாத கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் தெரிந்த ஒரே ஸ்வரம் ‘பீப்’. 1997-இல் இன்டெல் ஏ.சி.97 என்று ஒரு விதிமுறை போட்டது. அதன் பிறகு ஒலி ஒரு சின்ன சிப்பாகச் சுருங்கி மதர்போர்டோடு இலவசமாக வர ஆரம்பித்தது. இலவச இணைப்புக்கு என்ன மரியாதை உண்டோ அதுதான் அதற்கும். அந்த மூலையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு கேபினெட்டின் முன்பக்க ஓட்டைக்குப் போகிறது. திரையில் ஏதாவது அசையும்போதெல்லாம் கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் கரண்ட் ஏறி இறங்கும். ஒயர் அதை ஒட்டுக்கேட்டு என் காதில் ஓதும்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: ஹெட்போனைப் பின்பக்க ஓட்டையில் சொருகுவது. செய்தால் சத்தம் பாதியாகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மேஜைக்கு அடியில் தவழ வேண்டும். என் முழங்கால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. ஆகவே யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு. அதில் கேபினெட்டை விட்டு வெளியே வருவது வெறும் எண்கள். அவை ஒலியாக மாறுவது வெளியே, கிராபிக்ஸ் கார்டின் வாடை எட்டாத இடத்தில்.

கடைப் பையன் எடுத்துப் போட்டது நீலக் கலர் பிளாஸ்டிக், கட்டை விரல் நீளம், நூற்றைம்பது ரூபாய். பச்சையாக ஒரு ஓட்டை, ரோஸ் கலரில் ஒரு ஓட்டை. மேலே கொட்டை எழுத்தில் ‘7.1’. அதாவது ஏழு ஸ்பீக்கர், அடிவயிற்றை அதிர வைக்க ஒரு சப்வூஃபர்.

“பச்சையில ஹெட்போன். ரோஸ்ல மைக். மீதி ஸ்பீக்கரை எங்கப்பா சொருகறது?”

“அதெல்லாம் உள்ளயே இருக்கு சார்.”

பையன் சொன்னது ஒரு விதத்தில் உண்மை. அந்த எட்டு ஸ்பீக்கரும் சாஃப்ட்வேரில் கற்பனையாக நிற்கின்றன. வெளியே வருவது சாதாரண ஸ்டீரியோ. பேசுவதற்கும் கேட்பதற்கும் அது தாராளமாகப் போதும். மவுஸ் சத்தமும் போய்விடும். ஆனால் பாட்டு நின்ற இடத்தில் ‘உஸ்’ஸென்று அதற்கே சொந்தமான ஒரு பெருமூச்சு இருந்தது.

மாடி வீட்டு சார் தலையிட்டது இந்த இடத்தில்தான். அவர் பாட்டை வைத்து ஆம்ப்ளிஃபயர் கேட்பவர். “முப்பத்திரண்டு பிட், 384 கிலோஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ இறங்காதீங்க” என்றார், பெண்ணுக்கு வரன் சொல்கிற அக்கறையோடு.

1982-இல் சி.டி. வந்தபோது நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்று வைத்தார்கள். மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே மாதிரி எடுத்தால் போதும். அதுவும் பிறந்த புதிதில் இருந்த காதுக்கு. அக்கா மகன் போனில் 16,000 ஹெர்ட்ஸ் சத்தத்தை ஓடவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். மாடி வீட்டு சாரும் நானும் அவன் எப்போது ஆரம்பிப்பான் என்று மரியாதையாகக் காத்திருந்தோம். 384 கிலோஹெர்ட்ஸில் 1,92,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகும். எங்கள் பிளாட்டில் வௌவால் யாரும் குடியில்லை.

பிட் கணக்கும் அப்படித்தான். 16 பிட்டிலேயே மிக மெல்லியதற்கும் மிகப் பெரியதற்கும் நடுவே 96 டெசிபல் இடம் இருக்கிறது. ஃபேன் ஓடுகிற என் அறையில் அடிமட்டமே நாற்பதுக்குக் குறையாது. அதன் மேல் 96-ஐ ஏற்றினால் 136. காது வலிக்க ஆரம்பிக்கும் எல்லையை எப்போதோ தாண்டியாகிவிடும். இருபத்து நான்காவது பிட்டைக் கேட்க வேண்டுமானால் முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதத்துச் சென்னையில் அது நடக்கிற காரியமா?

கடைசியில் வாங்கியது ஆப்பிளின் டைப்-சி ஹெட்போன் டாங்கிள். 2016-இல் தன் போனில் ஹெட்போன் ஓட்டையை அடைத்துவிட்டு, அந்த ஓட்டையைத் தனியாக விற்க ஆரம்பித்த கம்பெனியின் சரக்கு. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எரிச்சல் வரும். சத்தத்தைக் கேட்டால் வராது. கருவி வைத்து அளப்பவர்கள் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். டிரைவர் தேட வேண்டியதில்லை. மைக் வைத்த போன் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். அந்தப் பின்னையும் இது அப்படியே ஏற்றுக்கொள்கிறது, பச்சைக்கும் ரோஸுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டாம். நாங்கள் வாங்கிய கேபினெட்டின் முன்பக்கத்தில் டைப்-சி கிடையாது என்பதால் ஒரு குட்டி கன்வெர்ட்டரும் சேர்ந்தது.

மவுஸ் ஊமையாகிவிட்டது. பெருமூச்சும் இல்லை.

மாடி வீட்டு சார் டாங்கிளைக் கையில் வாங்கி எடை பார்த்தார். வெள்ளை ஒயர், விரல் நீளம். “ஒரு விளக்குகூட எரியலையே” என்றார். கனமும் கைக்கு ஒரு திருகும் இல்லாத ஒன்றிலிருந்து நல்ல இசை வருவதில் அவருக்குக் கொள்கைரீதியான ஆட்சேபம் உண்டு. “ஆம்ப்ளிஃபயர்ல கொடுத்துப் பாருங்க, வண்டவாளம் தெரியும்.”

கொடுத்தோம். ‘ம்ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் எழுந்தது. சாரின் முகம் மலர்ந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து, கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்றார். நிற்கும். கூடவே கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும், ஏதாவது கசிந்தால் ஆளையும் நிறுத்தும். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்ததில், செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிய நொடியில் ரீங்காரம் செத்தது. அம்மாவின் சீரியல் சத்தமும் இதே ஆம்ப்ளிஃபயரில்தான் வருகிறது. கேபிள்காரர் ஒயர் தெருக் கம்பத்திலிருந்து ஒரு எர்த்தைக் கொண்டுவருகிறது, கம்ப்யூட்டர் வீட்டுச் சுவரிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவருகிறது; இரண்டும் ஆம்ப்ளிஃபயரில் சந்தித்துக் குசலம் விசாரிக்கின்றன. டாங்கிளுக்கு இதில் சம்பந்தமே இல்லை. சார் சொன்ன ரகத்தை வாங்கியிருந்தாலும் இதே ரீங்காரம்தான், பத்து மடங்கு செலவில்.

“கேபிளைக் கழற்றிட்டா போதும்” என்று ஆரம்பித்தேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் “யார் கழற்றறது?” என்றாள்.

ஆகவே கார் ஆடியோ விற்கிற கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒன்று. தீப்பெட்டி அளவு டப்பா, உள்ளே இடதுக்கும் வலதுக்கும் ஒவ்வொரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டைக் கடத்தும், எர்த்தைக் கடத்தாது. கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் போட்டதும் ரீங்காரம் நின்றது, சீரியலும் நடந்தது.

சார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். “இந்த டப்பா அடி பேஸைக் கொஞ்சம் தின்னுடுது, கவனிச்சீங்களா?”

அதில் அவர் சொன்னது சரி. குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான் செய்யும். கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். இன்னொன்றும் வாங்கிப் போடச் சொல்கிறார்.