சுருட்ட முடியாத பாய்: கார்ப்பெட் புணர்ச்சி இலக்கணம்

விரித்தால் சுருட்ட வேண்டும், அது பாய். சுவருக்குச் சுவர் ஆணியில் மாட்டிப் பல வருடம் சுருட்டாமல் கிடந்தால் அது கார்ப்பெட். இவ்வரையறையை முன்வைக்கும் ஆய்வாளர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 13 அடிக்கு 15 அடிப் படுக்கையறை ஒன்றில் சனி, ஞாயிறு இரு நாளும் களப்பணி ஆற்றியவர். ஆள்கூலியை மிச்சம் பிடிப்பதே ஆய்வின் நோக்கம்.

முதலில் வரலாறு. இதே ஜார்ஜியாவின் டால்டன் ஊரில், 1895-இல், கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் துணியில் நூற்குஞ்சம் வைத்துப் படுக்கை விரிப்பு ஒன்று தைத்தார். 1900-இல் அப்படி ஒன்றை 2.50 டாலருக்கு விற்றார். ஊரே அத்தொழிலில் இறங்கியது. குஞ்சம் வைக்க இயந்திரம் வந்தது. இயந்திரம் அகலமாக அகலமாக, விரிப்பு கட்டிலை விட்டுத் தரைக்கு இறங்கியது. ஆகவே படுக்கையறைக் கார்ப்பெட் என்பது பதவி இறக்கப்பட்ட மெத்தை விரிப்பே என்க.

சுவரோரம் சுற்றிலும் ஆணிப்பட்டை அடிக்க வேண்டும். ஆணி முனைகள் சுவர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இழுத்து மாட்டிய கார்ப்பெட்டை அவைதான் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. முனைகளின் கூர்மையை ஆய்வாளர் குதிகாலால் சோதித்தார். ஆணிச் செருப்பில் ஏறி நிற்கும் சாமியாடிக்கு அருள் துணை. இவருக்கு இருந்தது ஒரு ஜோடி சாக்ஸ். பட்டைக்கு உள்ளடங்கிப் பேடிங்கைப் பரப்புவது சுலபம். நுரைத் துண்டுகளை அழுத்தி ஒட்டிய மெத்து அது. பாதத்துக்குச் சுகம் என்று இருப்பதிலேயே தடிமனானதை வாங்கியாயிற்று. இதன் விளைவு பின்னர்க் கூறப்படும்.

இனிப் புணர்ச்சி. படுக்கையறை என்பதால் வாசகர் வேறு நினைக்க வேண்டாம். இது நன்னூல் புணர்ச்சி. கார்ப்பெட் சுருளின் வழக்கமான அகலம் 12 அடி. அறையோ எந்தப் பக்கம் அளந்தாலும் அதற்கு மேல். எனவே ஒட்டுப் போடாமல் தீராது. ஒட்டு கண்ணுக்கே தெரியாவிட்டால் இயல்பு புணர்ச்சி. தெரிந்தால் விகாரம், அது மூன்று. ஒட்டின்மேல் வரப்புப் போல மேடு எழுவது தோன்றல். வெட்டிய ஓரத்தில் நூல் உதிர்ந்து வழுக்கை விழுவது கெடுதல். இவ்விரண்டும் ஆய்வாளருக்கு ஓரளவே வாய்த்தன.

முழுமையாக வாய்த்தது திரிதல். கார்ப்பெட்டின் முடி, பூனை முதுகு போல ஒரே பக்கம் படிந்திருக்கும். இரண்டு துண்டும் ஒரே பக்கம் படிய வேண்டும். ஒன்று திரும்பினால் வெளிச்சம் பட்டு நிறம் மாறித் தெரியும். ஒட்டுநாடாவின் பசையைச் சூட்டுப்பெட்டியால் உருக்கி, இரு ஓரத்தையும் அழுத்தி, அது இறுகியும் போன பிறகு மனைவி வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, ரெண்டு கலர்லயா வாங்குனீங்க?"

களத்தில் பதிவான முதல் மதிப்புரை இது.

அடுத்து இழுவை. இதற்கான கருவியின் பெயர் 'நீ கிக்கர்'. ஒரு முனையில் பல், மறுமுனையில் திண்டு. பல்லால் கார்ப்பெட்டைக் கவ்வி, முட்டிக்குச் சற்று மேலே தொடையால் திண்டை இடிக்க வேண்டும். முட்டிச் சில்லாலேயே இடித்தால் என்ன ஆகும் என்பதும் இவ்வாய்வில் நிறுவப்பட்டது. கொஞ்சம் கைகொடுக்கச் சொன்னபோது, பெயரின் முதற்சொல்லை முன்னிலை ஒருமையாகக் கொண்டு மனைவி உரைவிளக்கம் தந்தார்: "அதுலயே 'நீ'ன்னுதானே போட்டிருக்கு."

எஞ்சியது கதவு. வேலைக்காகக் கழற்றியதைத் திரும்ப மாட்டப் போனால், தடித்த பேடிங்கின் மேல் அது நகர மறுக்கிறது. அடியில் அரை அங்குலம் அறுத்தாக வேண்டும். மூன்று வாரமாக மாடிப்படி அருகே சுவரில் சாய்ந்து நிற்கிறது. ரம்பம் வைத்திருக்கும் வாசகர்கள் ஒருநாள் இரவல் தந்து உதவவும்.