ரசீது இருக்கிறதா, அம்மணி?

நியூசிலாந்தில் 2003 முதல் பாலியல் தொழில் குற்றமல்ல. அந்த வருமானத்துக்கான வரியை அரசு முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறது. சுளிப்பதெல்லாம் இணையத்தில் கார்டு பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்கள்தான். அவற்றில் ஒன்றான ஸ்ட்ரைப்பின் தடைப்பட்டியலில் எஸ்கார்ட் சேவையும் உண்டு. 'ஆலோசனைக் கட்டணம்' என்று போட்டு வாங்கினால், கண்டுபிடித்ததும் கணக்கை முடக்குவார்கள். உள்ளே கிடக்கும் பணமும் சேர்ந்து முடங்கும்.

வாடிக்கையாளர் கனவான் இன்னும் கெட்டிக்காரர். கார்டு பில் மனைவி கண்ணில் பட்டால், "நான் செலவழிக்கவே இல்லை" என்று வங்கியில் சாதிப்பார். இப்படிப் புகார் சொல்ல விசா விதிகளில் பெரும்பாலும் 120 நாள் அவகாசம். வங்கி சேவை தந்த பெண்ணிடம் ஆதாரம் கேட்கும்: சேவை பெற்றுக்கொண்டதாக வாடிக்கையாளர் கையெழுத்திட்ட சீட்டு எங்கே?

தனியாகத் தொழில் நடத்தும் அம்மணிகளே, ரொக்கமாகவே வாங்குங்கள். கொடுத்த ரொக்கத்தைத் திரும்பப் பிடுங்க எந்த வங்கியிலும் படிவம் கிடையாது.