துல்லியநாதரும் தோராயமூர்த்தியும்

(இடம்: ஒரு சர்வகலாசாலை விடுதியின் சிற்றுண்டிச்சாலை. துல்லியநாதர், புள்ளியியல் பௌதிகத்தில் துல்லியமாகத் தீர்க்கவல்ல மாதிரிகளை மாத்திரமே ஆராய்வது என்று விரதம் பூண்ட ஆய்வு மாணவர். தோராயமூர்த்தி, அதே மாதிரிகளைக் கம்ப்யூட்டரில் உருட்டிப் பார்த்து விடை சொல்கிறவர்.)

தோராயமூர்த்தி: காப்பி ஆறுகிறது ஓய்! அந்தக் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

துல்லியநாதர்: சதுரக் கட்டத்தின் சந்திதோறும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கும் சிறு காந்தமொன்றை நிறுத்தி, அண்டை வீட்டாரோடன்றி வேறெவரோடும் அது பேசலாகாதென்று விதித்து, அத்தகைய அநந்தகோடி காந்தங்கள் எந்தச் சூட்டில் தம் ஒற்றுமையை இழக்கும் என்பதைத் தசம ஸ்தானம் ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லுகிற வித்தை இருக்கிறது. கிராமர்ஸும் வானியரும் 1941-ல் குறித்துக் காட்டிய அந்த 2.269 என்ற அளவை, 1944-ல் ஆன்ஸாகர் என்னும் மகாநுபாவர் முழுத் தீர்வோடு ஸ்தாபித்தார்.

தோராயமூர்த்தி: அந்த மாதிரிக்குப் பெயர் தந்த இஸிங்கும் துல்லியக்காரர்தானே? ஆசிரியர் லென்ஸ் கொடுத்த கணக்கை ஒற்றை வரிசையில் அப்பழுக்கின்றித் தீர்த்து, அங்கே நிலைமாற்றம் இல்லையென்று கண்டு, ஆகவே முப்பரிமாணத்திலும் இராதென்று 1925-ல் அச்சிலேயே ஏற்றிவிட்டாரே!

துல்லியநாதர்: தீர்த்த பகுதியில் இன்றுவரை குற்றம் கண்டவர் இல்லை; ஊகித்த பகுதிதான் பிழை. அதாவது, உமது தொழிலுக்குள் ஒரு நிமிஷம் கால் வைத்தார், வழுக்கி விழுந்தார்.

தோராயமூர்த்தி: சரி, உம்முடைய சதுரக் கட்டத்தின்மேல் வெளியிலிருந்து சிறிதளவு காந்தப்புலத்தைச் செலுத்தினால்?

துல்லியநாதர்: செலுத்தக்கூடாது.

தோராயமூர்த்தி: காந்தத்தைப் பற்றிய சாஸ்திரத்தில் காந்தத்தை அருகே கொண்டுவரக் கூடாதா?

துல்லியநாதர்: கொண்டுவந்தால் எல்லாச் சூட்டுக்கும் பொருந்தும்படி தீர்க்க முடியவில்லை. தீராத வினாவைக் கேட்பது அநாகரிகம்.

தோராயமூர்த்தி: கட்டத்தை மூன்று பரிமாணமாக்கினால்?

துல்லியநாதர்: அது அதைவிட அநாகரிகம். 1931-ல் பேத்தே, ஒற்றை வரிசைக்குத் தாம் கண்ட உபாயத்தை அடுத்த கட்டுரையில் முப்பரிமாணத்துக்கும் விரிப்பதாக வாக்களித்தார். அந்தக் கட்டுரையை நாங்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தோராயமூர்த்தி: என் கம்ப்யூட்டர் 4.5115 என்று சொல்லிவிட்டதே! பனிக்கட்டிக் கதை தெரியாதா உமக்கு? ஹைட்ரஜன் அணுக்கள் எத்தனை விதமாய் அமரலாமென்று 1935-ல் பாலிங் நாற்காலியில் சாய்ந்தபடியே போடத்தக்க கணக்கில், மூலக்கூறொன்றுக்கு 1.5 என்றார், 1967-ல் லீப் சதுரப் பனிக்கட்டிக்குத் துல்லியமாகத் தீர்த்துக் கொணர்ந்தது 1.5396. நூற்றுக்கு மூன்றுகூடப் பெறாத அந்த வித்தியாசத்துக்காகவா ஐயா முப்பத்திரண்டு வருஷம்?

(துல்லியநாதரின் முகம் சிவக்கிறது. நெருக்கிப் பிடிக்கப்பட்ட மனிதரிடமிருந்தே சில வேளை நியாயமான வார்த்தை வெளிவருகிறது.)

துல்லியநாதர்: மாறுநிலைச் சூட்டை நெருங்குகையில் காந்தத்தன்மை எந்த வேகத்தில் மறையும் என்பதற்கு, உம்முடைய மூதாதையரான சராசரிப்புலவாதிகள் எத்தனை பரிமாணமானாலும் அடுக்கு அரைதான் என்று சாதித்தார்களே, அதற்கு என்ன சொல்லுகிறீர்? 1948-ல் கார்னெல் கரும்பலகையில் ஆன்ஸாகர் எழுதிய சூத்திரத்தில் அது எட்டில் ஒன்று. இரண்டு பரிமாணப் படிகங்களை அளந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதுவே கிடைத்தது. எங்கள் பொம்மைக் காந்தம் ஒன்று இல்லாதிருந்தால், நீங்கள் எவ்வளவு தூரம் தவறியிருக்கிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரிந்திராது!

தோராயமூர்த்தி: கரும்பலகையில் எழுதினார், ஒப்புக்கொள்கிறேன், நிரூபணம்?

துல்லியநாதர்: (தணிந்த குரலில்) அவர் வெளியிடவில்லை. 1952-ல் யாங் நிறுவினார்.

தோராயமூர்த்தி: அது கிடக்கட்டும். ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிப்பீர் என்று கேட்டு ஆபீஸிலிருந்து மறுபடியும் கடிதம் வந்திருக்கிறதாமே?

துல்லியநாதர்: பதில் போட்டாகிவிட்டது. அப்படியொரு நாள் உண்டு என்பதையும், அது ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்க இயலாது என்பதையும் ஐயந்திரிபற நிறுவி அனுப்பியிருக்கிறேன்.

தோராயமூர்த்தி: தேதி?

துல்லியநாதர்: வெளிப்புலம் எதுவும் குறுக்கிடாத பட்சத்தில் மாத்திரமே அதைக் கணக்கிட முடியும், என் விஷயத்தில் பேராசிரியர் குறுக்கிடுகிறார்.