தோட்டா கிடைக்காத துப்பாக்கிக்காரர்

இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்போரை வகைப்படுத்தப் புகும் ஆய்வாளர், நிலவளவு, குலம், கட்சி முதலிய வழக்கமான அளவுகோல்களை ஒதுக்கிவிட்டு, தோட்டா கிடைப்பவர், தோட்டா கிடைக்காதவர் என்னும் இரண்டே பிரிவுகளில் அனைவரையும் அடக்கிவிடலாம். முதற் பிரிவினர் பன்னிரண்டு போர் துப்பாக்கி வைத்திருப்பர், உத்தரவு கிடைத்தால் பன்றியைச் சுடுவர், சுட்டபின் உறங்கிவிடுவர், ஆதலால் அவர்களைப் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை. இக்கட்டுரைக்கு உரியவர் இரண்டாம் பிரிவினரே. சின்னக்கானல் ஊராட்சியில், தேயிலையும் ஏலமும் மாறிமாறிப் படர்ந்த சரிவுகளுக்கு நடுவே அமைந்த சூரியநெல்லியில், கொழுக்குமலைக்குச் சுற்றுலா ஜீப்புகள் புறப்படும் விடியற்பொழுதில், சாலையோரத் தேநீர்க் கடையில் இவ்வகையைச் சேர்ந்த ஒருவரையேனும் காணலாம். அவரை அடையாளங்காணத் துப்பாக்கி தேவையில்லை, பேச்சில் தசமப் புள்ளிகள் மிகுந்திருப்பதே போதும்.

'போர்' என்பது ஈண்டு யுத்தத்தையோ வைக்கோற் குவியலையோ குறிப்பதன்று. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மலைநாட்டார் வழங்கும் உச்சரிப்பு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர், அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், ஆகவே இந்தக் கணக்கில் எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். ரைஃபிளுக்கோ, அதாவது குண்டு சுழன்றபடி நேரே பாயும்பொருட்டு உட்சுவரில் திருகுபள்ளங்கள் வெட்டப்பட்ட துப்பாக்கிக்கோ, இக்கணக்குச் செல்லாது. அதன் விட்டம் அங்குலத்தில் இத்தனை பின்னம் என்று சொல்லப்படும். அதிலும் பள்ளத்துக்குப் பள்ளம் அளப்பதா, மேட்டுக்கு மேடு அளப்பதா என்னும் வழக்கு ஒருநாளும் தீராமையால், .303 என்று பெயர்பெற்ற ரைஃபிளில் செல்லும் குண்டின் விட்டம் .311 அங்குலமாகவும், .405 என்று பெயர்பெற்றதில் செல்வது .411 அங்குலமாகவும் இருக்கின்றன. பின்னதில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கான இந்த வேறுபாட்டை விளக்கி முடிப்பதற்குள் நம்மவர்க்கு மூன்று தேநீர் ஆறிவிடும். மூன்றுக்கும் காசு கொடுப்பவர் கேட்டுக்கொண்டிருப்பவரே.

இத்தகைய விட்ட விசித்திரங்கள் தனிமனிதக் கிறுக்கால் விளைந்தவை என்று கருதுவது பிழை. இந்தியாவில் அவற்றுக்கு உரமிட்டு வளர்த்தது அரசாங்கமே. தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய ஐயம் 1857-இல் கம்பெனி ஆட்சியையே ஆட்டிவைத்ததைக் கண்ட ஆங்கிலேயர், அதன்பின் தோட்டா என்ற சொல்லைக் கேட்டாலே பதறினர் என்றால் அது மிகையாகாது. சிப்பாயின் தோட்டா குடிமகனின் துப்பாக்கியிலும் பொருந்துமானால், படைமுகாமில் களவுபோகும் தோட்டா கிளர்ச்சிக்காரர் கையில் வெடிக்கும் என்பது அவர்தம் அச்சம். ஆகவே 1888-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட .303 குடிமக்களுக்கு விலக்கப்பட்டது, 1907-ஐ ஒட்டி .450 விட்டமும் விலக்கப்பட்டது, ஏனெனில் பழைய மார்ட்டினி ஹென்றி என்னும் படைத்துப்பாக்கியின் குண்டும் அதே பருமனுடையது. இந்தியாவின் யானைக்கும் புலிக்குமென்று .450 ரைஃபிள்களை விற்றுச் செழித்த இங்கிலாந்துத் துப்பாக்கி வணிகர் இதற்காக மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஒரு மயிரிழை கூட்டி .465, இன்னொரு மயிரிழை கூட்டி .470, பின் .475, .476 என்று அடுத்தடுத்துப் புது விட்டங்களைக் கடைக்குக் கொண்டுவந்தனர். சட்டம் ஒன்று போட்டால் விட்டம் நான்கு முளைக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. பன்றிகளுக்கும் மான்களுக்கும் ஏற்ற சிறிய விட்டத்தில் நடந்த கதை இன்னும் சுவையானது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படை பயன்படுத்திய 8 மில்லிமீட்டர் தோட்டா பிரிட்டிஷ் படையின் துப்பாக்கியில் பொருந்தாது என்பதே அதன் பெருந்தகுதியாகக் கொள்ளப்பட்டு, .315 என்னும் பெயரில் இந்தியக் குடிமக்களுக்கு உரிய தோட்டாவாயிற்று. அந்தப் பேரரசு 1918-இல் சிதறிப்போனது. அதை ஆண்ட மன்னர் குடும்பமும் போயிற்று. தோட்டா மட்டும் போகவில்லை. கொல்கத்தாவை அடுத்த இஷாபூர் அரசுத் தொழிற்சாலையில் சுதந்திர இந்தியாவும் .315 ரைஃபிளைச் செய்துவந்தது. .303 இன்றும் விலக்கப்பட்ட விட்டமே, ராணுவத்தின் 7.62 மில்லிமீட்டரும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஆகவே இந்நாட்டில் குடிமகனின் ரைஃபிள் பிறக்கும்போதே ஊரில் இல்லாத அளவோடுதான் பிறக்கிறது.

சூரியநெல்லியின் துப்பாக்கிக்காரர் இவ்வளவையும் அறிவார். அறிந்தும், நாட்டில் தோட்டா கிடைக்கும் சாதாரண ரைஃபிளான .315-ஐ அவர் ஏறெடுத்தும் பாரார். அவர் கையிலிருப்பது .405. மூணாற்றுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டுக் கப்பலேறிய துரை ஒருவரிடமிருந்து போடியைச் சேர்ந்த தாத்தா வாங்கியது என்பது குடும்ப வரலாறு. துரையின் பெயர் மட்டும் சொல்லுந்தோறும் மாறும். துரைமார் வேட்டையாடியது உண்மை. 1928-இல் அவர்களே வேட்டைக்கெனச் சங்கம் அமைத்து, இன்றைய இரவிகுளம் பகுதியை முதுவர் குடியினரைக் காவல்வைத்துப் பேணி, வரையாட்டைக் கணக்காகச் சுட்டுவந்தனர். அவ்விடம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் எருமையையும் கரடியையும் வீழ்த்தப் பிறந்த .405-ஐக்கொண்டு பாறைமேல் நிற்கும் ஆட்டைக் குறிவைப்பது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கும் காரியம் என்பதால், அந்தத் துரையும் நம்மவர் இனத்தவரே என ஊகிக்க இடமுண்டு.

.405 தோட்டா அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனத்தால், விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் 1895-ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிளுக்கென 1904-இல் செய்யப்பட்டது. அதன் குண்டு 300 கிரெயின். கிரெயின் என்பது வெடிமருந்தையும் குண்டையும் நிறுக்க இன்றும் வழங்கும் பழைய ஆங்கில எடை. நம் கணக்கில் சொன்னால் அக்குண்டு ஏறத்தாழ இரண்டரைப் பவுன். (இந்த ஒப்பீட்டை ஒருமுறை வீட்டில் சொல்லிவிட்டபின், "ரெண்டரைப் பவுனைப் பன்னி மேல வீசுறதுக்குப் பதிலா என் கழுத்துல போட்டிருக்கலாம்ல" என்று வீட்டு அம்மையார் கேட்ட கேள்விக்கு இதுகாறும் விடையில்லை.) அமெரிக்க அதிபராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கா சென்றபோது இதைத்தான் சிங்கத்துக்கென எடுத்துச்சென்றார் என்பது நம்மவரின் முதல் வாதம். பெங்களூரில் வாழ்ந்து, ஜவளகிரி முதலிய தமிழகக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடியலைந்து, 1954 முதல் அவற்றை நூல்களாக்கிய கென்னத் ஆண்டர்சன் வாழ்நாளெல்லாம் கைவிடாதது இந்த .405-ஐயே என்பது இரண்டாம் வாதம். யாரேனும் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைஃபிளைக் குறிப்பிட்டால் அவர் முகம் சிறுத்துவிடும். அது சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றமைக்காக 1907-இல் கார்பெட்டுக்குக் கிடைத்த பரிசு என்பதை நினைவூட்டி, பரிசாக வந்ததைப் பயன்படுத்துவதில் தெரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டு முடித்துவிடுவார். தம் ரைஃபிளும் தாத்தாவிடமிருந்து வந்ததுதானே என்று எதிரே இருப்பவர் கேட்பதற்குள் அவர் எழுந்துவிடுவார்.

இனித் தோட்டா. மாவட்டத் தலைநகரான பைனாவிலிருந்து லைசென்ஸ் கிடைத்துவிடும்; தோட்டா எந்தத் தலைநகரிலிருந்தும் கிடைக்காது. கொச்சிக் கடையில் கேட்டால் .315 இருக்கிறதென்பர், மதுரைக் கடையில் கேட்டால் அந்த .405 எந்த நாட்டுக்காரன் செய்கிறான் என்று திருப்பிக் கேட்பர். அமெரிக்காவில் அரிய விட்டத்தை விரும்புவோர் காலித் தோட்டாவில் மருந்தும் குண்டும் தாமே அடைத்து வீட்டிலேயே தோட்டா செய்துகொள்வர்; இந்நாட்டிலோ தோட்டா செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும். ஆகவே ஒரு பெட்டி .405 சூரியநெல்லிக்கு வருவது பக்கத்து மலைகளில் நீலக்குறிஞ்சி பூப்பதை ஒத்தது. குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, 12 ஆண்டுக் கணக்குத் தவறாது. தோட்டா அந்தளவுக்கு நம்பகமானதன்று. அவரிடம் பதினொன்று இருக்கின்றன. அவற்றை அவர் மாதம் ஒருமுறை எண்ணுவார், துணியால் துடைப்பார், பச்சை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அல்ல, அரிசிப் பானைக்கு அருகில் வைப்பார், ஏனெனில் ஈரப்பதம் மருந்தைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. பதினொன்றில் ஒன்றைச் செலவிட்டால் பத்தாகிவிடும் என்னும் கணிதம் அவரைச் சுடவிடாமல் தடுத்துக்கொண்டேயிருக்கும். மற்றவர்களிடமிருந்து விலங்குகளைக் காக்க 1972-இல் ஒரு சட்டமும், அதை இறுக்க 1991-இல் ஒரு திருத்தமும் தேவைப்பட்டன. இவரைத் தடுக்க விட்டமே போதுமானதாயிற்று. வனத்துறை உண்மையிலேயே சிந்திக்குமானால், நாட்டிலுள்ள வேட்டைப்பிரியர் அனைவர்க்கும் அரிய விட்டத்து ரைஃபிள்களை இலவசமாக வழங்கலாம்.

குறிபார்த்துச் சுடும் விளையாட்டிலேனும் அவருக்கு இடமுண்டா என்றால், அதுவும் இல்லை. உலகப் போட்டிகளில் 300 மீட்டர் ரைஃபிள் பிரிவில் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டம் கூடாது; .405 பத்தைத் தாண்டிவிடுகிறது. இவ்விதி தம்மை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது என்று அவர் நம்புவதற்கு ஆதாரமில்லை. விதி இடங்கொடுத்தாலும் நிலம் இடங்கொடாது. சூரியநெல்லியில் 300 மீட்டர் தொடர்ச்சியான சமதளம் என்பது ஆனையிறங்கல் அணையில் நீர் வற்றினால் மட்டுமே தோன்றும் பொருள், அங்கும் யானைகள் முன்பதிவு செய்திருக்கும். இதற்கிடையில் அவருடைய பேத்தி, பள்ளி விடுமுறையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். அதன் விட்டம் 4.5 மில்லிமீட்டர், உலகமெங்கும் ஒன்றே. குண்டு டப்பா டப்பாவாகக் கடையில் கிடைக்கும். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். தாத்தா தம் ஆயுளில் சுட்டதைவிட மிகுதியாக அவள் ஒரு மாலையில் சுட்டுவிடுகிறாள். "தாத்தா, உங்க துப்பாக்கி சுடுமா?" என்று அவள் கேட்டதற்கு, வின்செஸ்டரின் இரும்புத் தகடு தோளில் தரும் உதையைப் பற்றி அவர் அரைமணி நேரம் விளக்கினார். உதை உண்மைதான்; .405-இன் உதைக்கு அஞ்சாதவர் குறைவு. ஆனால் அவர் அதைக் கடைசியாக அனுபவித்தது எந்த ஆட்சிக்காலத்தில் என்பதை அவர் சொல்லவில்லை.

2022-இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கி, லைசென்ஸ் உள்ளோரைச் சுடுவோர் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியபோது, அவர் வாழ்வில் வசந்தம் வந்தது. கப்பைத் தோட்டத்தில் பன்றி இறங்கியதென்று இரவில் அழைப்பு வரும். "அண்ணே, சீக்கிரம் வாங்க" என்று தொலைபேசியில் கெஞ்சும் குரலுக்கு, காற்றின் திசை, சரிவின் கோணம், பருத்த குண்டு தொலைவு கூடக்கூடத் தாழும் விதம் ஆகியவற்றை அவர் முதலில் எடுத்துரைப்பார். குண்டு பன்றியைத் துளைத்து அப்பால் தோட்டத் தொழிலாளர் லயத்துச் சுவரைத் தொடக்கூடும் என்றும் எச்சரிப்பார், அது நியாயமான எச்சரிக்கையே. இதற்குள் பன்னிரண்டு போர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியோடு போய்க் காரியத்தை முடித்துவிட்டு, விதிப்படி பன்றியைப் புதைக்கக் குழியும் வெட்டத் தொடங்கியிருப்பார். பன்றி தப்பியோடிப் போடிமெட்டு வழியே தமிழகத்துக்குள் இறங்கினால் அதற்குத் தடையேதுமில்லை. கேரளத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸோடு அவர் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டும்.

ரேஷன் கடை அரிசியைத் தின்பதற்குப் பெயர்போன அரிக்கொம்பன் என்னும் காட்டுயானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தபோது, ஊரார் யானைக்காக வருந்தினர், சிலர் நிம்மதியடைந்தனர். நம்மவர் ஒருவர் மட்டும் ஊசித் துப்பாக்கியின் விட்டம் என்னவாயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் அறிவிக்கப்பட்டால், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணை வருவது வழக்கம். ரைஃபிள் வெளியுலகைக் காண்பது பெரும்பாலும் அப்போதுதான். ஒருமுறை அதைப் பெற்றுக்கொண்ட காவல் நிலைய எழுத்தர், தசமப் புள்ளியைக் கவனியாமல், விட்டம் 405 மில்லிமீட்டர் என்று ரசீதில் எழுதிக் கொடுத்துவிட்டார். திருத்தச் சொல்லவேண்டும் என்று எவர்க்கும் தோன்றும், நம்மவருக்குத் தோன்றவில்லை. வீடு திரும்பியதும் அதை லேமினேட் செய்து தம் தாத்தாவின் படத்துக்குக் கீழே மாட்டினார். அமெரிக்கக் கடற்படையின் அயோவா வகைப் போர்க்கப்பல்களில் பொருத்தப்பட்ட பெரும் பீரங்கியின் விட்டம் 16 அங்குலம், அதாவது 406 மில்லிமீட்டர் என்பதைப் பின்னர் எங்கோ படித்தபோதுதான், ஒரு மில்லிமீட்டர் குறைந்துபோனதை எண்ணி அவர் சற்றே வருந்தினார்.