வறண்ட ஊர் முக்குளிப்பான்

சேலத்திலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குச் சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் ஃபேர்லேண்ட்ஸிலோ, ராசிபுரத்திலோ, நாமக்கல் பரமத்தி ரோட்டிலோ ஒரு வீட்டு மொட்டைமாடிக் கொடியில் வேட்டிக்கும் நைட்டிக்கும் நடுவே கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்று கைகாலோடு தொங்கினால், அது நம்மவர் வீடு. போர் போடும் ரிக் வண்டி முதலாளியின் மகனாக இருப்பார், அல்லது கோழிப்பண்ணை வைத்திருப்பார், அல்லது பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். தேனிலவுக்கு அந்தமான் போன இடத்தில் யாரோ முதுகில் சிலிண்டரைக் கட்டி ஹேவ்லாக் கடலுக்குள் இறக்கிவிட்டிருப்பார்கள். ஊர் திரும்பியும் அவர் இன்னும் மேலே வரவில்லை.

அவர் கடலுக்குள் இருப்பது வருடத்துக்கு நாலைந்து நாள். மிச்சமெல்லாம் ‘ஆஃப் சீசன்’. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்கு முக்குளிப்புப் படகு போகாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. புதுச்சேரிக் கடல் கலங்கிக் கிடக்கும். இரண்டும் ஓய்ந்த மாதங்களில் பிள்ளைக்குப் பரீட்சை, பங்காளி வீட்டுக் கல்யாணம், முட்டை விலை இறக்கம். ஆனால் யார் கேட்டாலும் பழியைக் கடல்மேல்தான் போடுவார்.

சும்மா இருக்கிறாரா என்றால் இல்லை. கடல் நாட்களைவிட இந்த நாட்களில்தான் அவருக்கு வேலை அதிகம். கருவிகளில் உப்பு தங்கினால் அரித்துவிடும், நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்பது விதி. இவர் வீட்டு போர் தண்ணீரோ, வாளியில் வெள்ளைப் படிவம் கட்டுகிற ரகம். ஆகவே ரெகுலேட்டர் இருபது லிட்டர் கேன் தண்ணீரில் குளிக்கும். குடும்பம் உப்புத் தண்ணீரில் குளிக்கும். ‘நாங்களும் கொஞ்ச நாள் துருப்பிடிக்காம இருக்கலாமுங்களா?’ என்று மனைவி ஒருமுறை கேட்டதாகத் தகவல்.

ஆழம் பற்றிப் பேசுவதில்தான் அவருக்கு இந்த மண்ணோடு ஒத்துவராது. முதல் சான்றிதழுக்கு 18 மீட்டர், அதாவது 60 அடி. எல்லாப் படிப்பும் முடித்தாலும் பொழுதுபோக்காக இறங்குகிறவருக்கு எல்லை 40 மீட்டர், 130 அடி. வேறு ஊரில் இதைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். இங்கே, ஆயிரம் அடி துளை போட்டும் புகையாய்த் தூசி பறந்த வயிற்றெரிச்சலில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா, ‘நூத்தி முப்பது அடியில என்றா இருக்குது? ஈரமே தட்டாதே’ என்று முடித்துவிடுவார்.

உண்மையான மரியாதை அவருக்குத் திருச்செங்கோட்டு ரிக் பட்டறையில்தான். அங்கே அழுத்தத்தின் அருமை தெரியும்.

‘சிலிண்டருல எத்தன பி.எஸ்.ஐ.ங்க?’

‘மூவாயிரமுங்கண்ணா.’

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ‘நம்ம கம்ப்ரஸரே முந்நூறு, முந்நூத்தம்பதுதானுங்களே!’

இப்படி ஒரு சபை அமைந்தால் நம்மவர் விடுவாரா? 1943இல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படைக்காரரும் எமில் கான்யான் என்ற எஞ்சினியரும் சேர்ந்து ரெகுலேட்டரைச் செய்த கதையை எடுப்பார். போர்க்காலத்தில் பெட்ரோல் பஞ்சம். கார்களை கேஸில் ஓட்டுவதற்காகக் கான்யான் செய்திருந்த வால்வைத்தான், மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றுவிடும்படி மாற்றினார்கள். ‘அப்ப இது நம்ம பட்டறை வேலைதானுங்க’ என்று மெக்கானிக் நிமிர்ந்தார். நியாயம்தான். உடனே ஒரு கணக்கும் போட்டார்கள். ரிக் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 1,100 கன அடி காற்று தள்ளும். ஒரு சிலிண்டருக்குள் இருப்பது 80 கன அடி. ஐந்து விநாடிகூட ஆகாது! ஆனால் அந்த அழுத்தத்தில் சிலிண்டர் பத்தில் ஒரு பங்குதான் நிரம்பும், அதுவும் எண்ணெய் கலந்த காற்று, நுரையீரலுக்கு ஆகாது என்று தெரிந்ததும் டீ சொல்லிவிட்டார்கள். இந்தப் பேச்சிலிருந்துதான் சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று என்ற செய்தி வீட்டுக்குப் போய், ‘வெறுங்காத்துக்கா கண்ணு இத்தன காசு?’ என்று அம்மா விசாரணை வைத்தது.

கை சைகை இன்னொரு தொல்லை. தண்ணீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள். நலம் என்பதற்கு விரல்களை வளையமாக்க வேண்டும். லாரி பாடி கட்டும் இடத்தில் கிளீனர் பையன் கட்டைவிரல் காட்டும்போதெல்லாம் இவர் அண்ணாந்து பார்ப்பார். கல்யாணப் பந்தியில் ஒரு பெரியவர், ‘இது வரைக்கும் இருக்குது, போதும்’ என்று கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினார். முக்குளிப்பவருக்கு அது ‘காற்று தீர்ந்துவிட்டது’. நம்மவர் பாய்ந்து எழுந்தார். உதவிக்கு நீட்ட அவரிடம் அப்போது இருந்தது பாயசக் கிளாஸ்.

மலைகளோடும் தகராறு உண்டு. முக்குளித்த உடனே உயரமான இடத்துக்குப் போனால், உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும் அபாயம் கூடும். விமானத்தில் ஏற 18 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். உயரத்துக்கான தனிக் கணக்கு தொடங்குவது 300 மீட்டரில். ஊர் இருபது மீட்டரில் தப்பியதை அவர் வேறு யாரோ செய்த புண்ணியம் என்று சொல்லமாட்டார், தன் ராசி என்பார். ஆனால் ஞாயிறு மதியம் வரை புதுச்சேரியில் முக்குளித்துவிட்டு வந்தவரைத் திங்கள் விடியும்முன் கொல்லிமலை எட்டுக்கை அம்மனுக்குக் கூப்பிட்டால்? ‘நைட்ரஜன் எறங்கட்டுமுங்கம்மா’ என்றார். ‘அம்மனுக்கு ஆகாத நைட்ரஜன் என்ன நைட்ரஜன்?’ என்று அம்மா வேனில் ஏறிவிட்டார். அடுத்த முறை அவரும் போனார். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு காதடைப்பு நீக்கும் வித்தையை வேன் முழுக்கக் கற்பித்தார். வாந்தி நிற்கவில்லை, காது மட்டும் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் ஊரே பார்க்கும் இரண்டு எண்கள்: நாமக்கல் முட்டை விலை, மேட்டூர் நீர்மட்டம். இரண்டாவதை அவர் வேறு கணக்கில் பார்க்கிறார். 1934இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களில் பண்ணவாடிப் பக்கத்து ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஒரு கிறிஸ்தவ தேவாலயமும் உண்டு. தண்ணீர் வற்றினால் நந்தியும் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் போய்ப் படமெடுப்பார்கள். நம்மவருக்கு மட்டும், அருமையான முக்குளிப்புத் தலம் ஒன்று வெயிலில் காய்கிறதே என்று வருத்தம். மட்டம் 120 அடியைத் தொட்டால் விவசாயியோடு சேர்ந்து இவரும் இனிப்பு வாங்குவார். அணைக்குள் இறங்க யாரும் அவரை விடப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் மாமனார் ஊர்க் கிணறுதான் கைகொடுத்தது. போன ஆடியில் மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்தது. படிக்கட்டில் நின்று முகமூடியைக் கழுவியவர் அதை நழுவவிட்டார். பாதாளக் கரண்டி எடுத்து வரட்டுமா என்று மாமனார் கேட்டார். வேண்டாமுங்க மாமா, இதற்கென்றே தேடுமுறைகள் இருக்கின்றன என்று குச்சியால் மண்ணில் வட்டத் தேடல், மடக்குத் தேடல் என வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் பக்கத்துக் காட்டுப் பையன் ஒருவன், அரைக்கால் சட்டையோடு தொபுக்கென்று குதித்து, ஒரே மூச்சில் முங்கி எடுத்து வந்து நீட்டினான்.

‘இந்தாங்கண்ணா. இது எதுக்குங்க?’

‘தண்ணிக்குள்ள கண்ணு தெரியறதுக்குடா தம்பி.’

‘எனக்குத் தெரியுதுங்களே?’

அன்றிரவு அவர் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. இடம்: கிணறு. தெளிவு: பச்சை. துணை முக்குளிப்பாளர்: ஆறாம் வகுப்பு, பி பிரிவு.