நடைப்பலகையியல்: வண்டியை வீட்டுக்குள் ஏற்றுவது குறித்த ஓர் ஆய்வு

மேலைநாடுகளில் சிறு படகு வைத்திருப்பவர்கள் அதை இழுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு வண்டியிலிருந்து இறக்கி, கார் நிறுத்தும் கொட்டகைக்குள் தள்ளி வைக்கிறார்கள். இதற்கு அரைநாளும் நான்கு நண்பர்களும் ஏராளமான யோசனைகளும் செலவாகின்றன. தமிழருக்கு இந்தப் பாடு வந்ததில்லை. கட்டுமரத்தில் போனவர் கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். இந்த ஆய்வு நடந்த சங்கரன்கோவிலுக்குக் கடலும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை. தை மாதக் கடைசி வெள்ளியில் ஆவுடைப் பொய்கையில் சுற்றிவரும் தெப்பம்தான் ஊரறிந்த ஒரே மிதவை. அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்ததில்லை.

ஆயினும் படகுக்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை படும் பாட்டை இவ்வூர்க் குடும்பத் தலைவர் நாள்தோறும் இரவு பத்து மணி வாக்கில் படுகிறார். தெருவில் நிற்கும் இருசக்கர வண்டியைச் சாக்கடை தாண்டி, நடையேற்றி, தார்சா என்னும் முன்தாழ்வாரத்தைக் கடந்து பட்டாசல் என்னும் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். இதற்கு அவர் பயன்படுத்தும் கருவி ஒரு பலகை. அந்தப் பலகையைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் கால வரையறை. சைக்கிள் காலத்தில் பலகை தேவைப்படவில்லை. 1949இல் தொடங்கிய டி.ஐ. நிறுவனம் அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் எவ்வளவு கனமென்றாலும், நடுக்கம்பியில் ஒரு கை, சீட்டுக்கடியில் ஒரு கை கொடுத்தால் வீட்டுக்குள் வந்துவிடும். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தபோதுதான் பலகை யுகம் தொடங்குகிறது. மொபெட்டைத் தூக்க முடியுமா முடியாதா என்ற ஐயத்திலேயே ஆண்கள் சில ஆண்டுகளைக் கழித்தார்கள். முடியாது என்பதை இடுப்பு சொன்ன பிறகு, பழைய கதவின் ஒரு பாதியோ, பரணில் கிடந்த தேக்குச் சட்டமோ, கட்டில் பலகையோ நடைக்கு இறங்கி வந்தது. அதன் பின் வந்த 100 சி.சி. வண்டிகள் இந்த மரபை உறுதிப்படுத்தின. இன்றைய ஸ்பிளெண்டர் 112 கிலோ. புல்லட் வகையறா 200 கிலோவைத் தொடும். அதை வைத்திருப்பவர் தெருவிலேயே நிறுத்திவிட்டு, திருட முடிந்தவன் திருடிக்கொள்ளட்டும் என்ற தெளிவோடு தூங்கப் போகிறார்.

இனி கணிதம். சாய்தளத்தின் இயல்பை நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் 1586இல் விளக்கினார். உயரத்தைப் பலகையின் நீளத்தால் வகுத்தால், எடையில் எவ்வளவு பங்கை நாம் தள்ள வேண்டும் என்பது தெரிந்துவிடும். நடை ஒன்றரை அடி, பலகை ஆறு அடி என்றால் நான்கில் ஒரு பங்கு. அதாவது 112 கிலோ வண்டியை 28 கிலோவின் பலத்தில் தள்ளினால் போதும். உராய்வு தனி. அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள் என்ற உணர்வு தருகிற கூடுதல் சுமையை ஸ்டெவின் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தச் சரிவு சரியானதா? தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு 80 டன் கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் சாரம் அமைத்து ஏற்றினார்கள் என்பது செவிவழிச் செய்தி. அது ஒரே கல் அன்று, பல துண்டுகள் என்பது ஆய்வாளர் கூற்று. விமானம் சுமார் 66 மீட்டர் என்பதால், செவிவழிச் செய்தியின்படி ராஜராஜன் ஒன்றுக்குத் தொண்ணூறு என்ற சரிவை வைத்திருக்கிறான். சக்கர நாற்காலிக்கான இன்றைய விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு. நம் குடும்பத் தலைவருடையது ஒன்றுக்கு நான்கு. விதிப்படிதான் போடுவேன் என்று அவர் அடம்பிடித்தால் பலகை 18 அடி நீளம் வேண்டும். தெருவே 15 அடிதான். ஆகவே வண்டி எதிர்வீட்டுத் தார்சாவிலிருந்து புறப்பட்டு வர நேரும். எதிர்வீட்டாருக்கும் வண்டி இருப்பதால் இரண்டு பலகைகளும் நடுத்தெருவில் சந்திக்கும். அங்கே யார் முதலில் என்பதை முடிவு செய்யக் காவல்துறை வேண்டியிருக்கும்.

செலவாகும் சக்தியையும் பார்த்துவிடலாம். ஒன்றரை அடிக்கு 112 கிலோவை உயர்த்த ஏறத்தாழ 500 ஜூல் போதும். உடம்பு தின்பதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும் என்று கொண்டாலும் அரை கிலோ கலோரிக்கு மேல் ஆகாது. ஓர் இட்லிக்கு 40 கிலோ கலோரி என்று வைத்துக்கொண்டால், ஒரே இட்லியின் பலத்தில் எண்பது இரவுகள் வண்டி ஏற்றலாம். வண்டியை நிறுத்திவிட்டு ஈசிச் சேரில் சாய்ந்து, 'ஒரு வாய் காப்பி கிடைக்குமா' என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டக் கூடாது. அறிவியல் சில உறவுகளுக்குள் நுழையாமலிருப்பது நல்லது.

அடுத்து நிலைவாசல். பழைய வீடுகளின் ஒற்றை நிலைகள் பலவும் இரண்டரை அடி, அதாவது 76 சென்டிமீட்டர். ஸ்பிளெண்டரின் அகலம் 72. பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். அது சரியாக ஒரு விரல் மூட்டின் பருமன். எனவே கண்ணாடியை மடக்கி, ஹாண்டிலைச் சற்றே ஒடித்து, ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையைப் பிறகு விட வேண்டும். நிலைக்கட்டையில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் காணப்படும் தேய்மானம் இவ்வாறு உண்டானது. பிற்கால அகழாய்வாளர்கள் இதை ஏதோ சடங்கின் அடையாளம் என்று எழுதுவார்கள். அது தவறும் ஆகாது.

சடங்கில் பங்கேற்பவர் இருவர். ஓட்டுபவர் இஞ்சினைப் போட்டு முதல் கியரில் கிளட்சைத் தொட்டும் தொடாமலும் நடந்து வருவார். இன்னொருவர் பின்னாலிருந்து சொல்பவர். பெரும்பாலும் தாயார். அவர் ஒரு கையைச் சீட்டின் பின்கம்பியில் வைத்திருப்பார். அந்தக் கை தள்ளுகிறதா பிடித்து இழுக்கிறதா என்பது நெடுநாள் விவாதம்.

"பைய ஏத்துலே. நடையில இடிச்சிராத."

"அம்மா, நீ மொதல்ல கைய எடு."

"நான் கைய எடுத்தா வண்டி நிக்குமாக்கும்?"

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ஒரே வழி கையை எடுத்துப் பார்ப்பது. எந்த மகனும் அந்தச் சோதனையை இறுதிவரை நடத்தியதில்லை. விசைத்தறி ஓடும் தெருக்களில் தறிச் சத்தத்தில் 'பைய' என்பது 'ஏத்து' என்று கேட்டுவிடுவதும் உண்டு. அங்கே சொல்பவர் சீட்டைத் தட்டுகிறார்: ஒரு தட்டு என்றால் போ, இரண்டு தட்டு என்றால் நில், சரமாரியாகத் தட்டினால் நிலைமை கைமீறிவிட்டது.

முன்சக்கரம் முதலில் போக வேண்டும் என்போர் ஒரு கட்சி. களைத்து வந்த இரவில் சுலபம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். பின்பக்கமாகவே உள்ளே தள்ளுவோர் மறு கட்சி. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் அவசரத்தில் நேரே புறப்படலாம் என்பார்கள் இவர்கள். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று நாகர்களான சங்கனும் பதுமனும் வாதிட்டதற்கு, ஒரே உடம்பில் பாதிப்பாதியாகச் சங்கரநாராயணர் காட்சி தந்து வழக்கை முடித்துவைத்த ஊர் இது. வண்டி வழக்கும் அப்படித்தான் முடிந்தது. முன்சக்கரம் முதலில் வரட்டும். பட்டாசலுக்கு வந்ததும் நடு ஸ்டாண்டில் ஏற்றி, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி வாசலைப் பார்க்க வைத்துவிடலாம். மொசைக் தரையில் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் இந்தச் சமரசத்தின் ஆவணங்கள். ஊர்த் திருவிழாவான ஆடித்தபசுக்கு வந்திறங்கும் உறவினர்கள் அந்த வட்டத்துக்குள்தான் பாய் விரிக்க வேண்டும். சைலன்சர் பக்கம் தலைவைத்துப் படுக்கும் உரிமை கடைசியாக வந்து சேர்ந்த சகலைக்கு.

இனி இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்புக்கு வருவோம். மேலே சொன்ன அனைத்தும் வண்டி தெருவிலிருந்து மேலே ஏறுகிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. வீடு அசையவில்லை, தெரு வளர்ந்தது. பழைய தாரின் மேல் புதிய தார், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் சிமெண்ட், முடுக்குகளில் அதற்கும் மேல் பேவர் பிளாக். ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலமோ இரண்டோதான். தாத்தா மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு அப்பா ஒரு படி ஏறினார். பேரன் இறங்கிப் போகிறான். பலகையின் சரிவை மட்டும் பார்த்து ஒரு தெருவில் எத்தனை தேர்தல் நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது என் துணிபு. 2021 மே மாதம், அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். நடைப்பலகை வரலாற்றில் அரசு நேரடியாகத் தலையிட்ட இடம் இதுதான். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் உயர்ந்தவைதாம்.

இறக்கு யுகத்தில் பழைய சாத்திரம் எதுவும் செல்லாது. இஞ்சின் தேவையில்லை, பிரேக் தேவை. பின்னாலிருந்து தள்ளிய தாயார் இப்போது பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறார். அந்தக் கையின் நோக்கம் குறித்த விவாதம் இவ்வாறு தானாகவே முடிவுக்கு வந்தது. மழைக்காலத்தில் தண்ணீரும் அதே பலகை வழியாக, யாரும் பின்னாலிருந்து சொல்லாமலே, நிலையில் இடிக்காமல் பட்டாசலுக்கு வந்துவிடுகிறது.

பரிந்துரை ஒன்று உண்டு. கடப்பாக்கல் வேண்டாம், முன்னறிவிப்பின்றி உடையும். சாக்கடை மேல் சிமெண்டில் சறுக்குக் கட்டினால், அடைப்பெடுக்க வரும்போது நகராட்சி முதலில் உடைப்பது அதைத்தான். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செக்கர்டு பிளேட்டில் ஆறடிக்கு ஒன்று அடித்துக்கொள்வதே சிறப்பு. அடிக்கும்போது கொக்கியை ஒரு முனையில் மட்டும் வைக்கச் சொல்லாமல் இரண்டு முனையிலும் வைக்கச் சொல்லிவிட்டால், அடுத்த சாலை போட்டதும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். கூடுதல் செலவு இரண்டு கொக்கிக்கு உண்டானதுதான்.